தொண்ணூறாயிரம் ஓடின வண்டி

இன்னிக்கு மகனுக்குப் பழைய பைக் பார்க்கத் திண்டிவனம் போனோம். விக்கிறவரு எங்க பழைய பக்கத்து வீட்டுக்காரரு. அவருக்கு என்னை அடையாளம் தெரியலை.

சில வருஷத்துக்கு முன்ன என் வீட்டுக்காரர் நெஞ்சு வலியில துடிச்சப்ப இவருகிட்ட இதே வண்டியைத்தான் கேட்டேன். "பெட்ரோல் இல்ல"ன்னாரு. கொஞ்ச நேரத்துல அதுலயே கறி வாங்கப் போனாரு. ஆட்டோ பிடிச்சி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி போறதுக்குள்ள என் வீட்டுக்காரர் உசுரு போயிடுச்சி.

"தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும்மா. ஒருநாளும் நின்னதில்ல"ன்னாரு இன்னிக்கு.

"என்னை உட்கார வெச்சி ஒரு ரவுண்டு போங்க."

என்னைப் பின்னாடி வெச்சிக்கினு பஸ் ஸ்டாண்டைச் சுத்தி மூணு ரவுண்டு போனாரு. இறங்கி, "வேணாங்க"ன்னேன்.

"ஏம்மா?"

"இவ்ளோ ஓடின வண்டி, அன்னிக்கு முண்டியம்பாக்கம் மட்டும் ஓடலியே."

தலையைத் தொங்கப் போட்டுக்கினாரு.

மகனுக்கு இன்னும் வண்டி வேணும். உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க. பெட்ரோல் இருக்கான்னு முதல்ல கேப்பேன்.