பானெட்டுக்குக் காட்டிய கற்பூரம்

அந்த வியாழக்கிழமை காலை டுரியான் துங்காலிலிருந்து மலாக்காவுக்குக் கிளம்பும்போதே ஸ்டியரிங் முனகியது. ஒவ்வொரு வளைவிலும் ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோல இரண்டு கையாலும் இழுத்தேன். பக்கத்து இருக்கையில் என் கணவர் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை நான் காய்ச்சலில் விழுந்ததால் அவருக்கு ஒரு முறை டயாலிசிஸ் தவறிவிட்டது. கால் வீங்கி, செருப்பே ஏறவில்லை. இன்றும் தவறினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டயாலிசிஸ் மையத்துத் தாதி போனில் கறாராகச் சொல்லியிருந்தாள். "ஆன்ட்டி, ஏழரைக்குள்ள வந்துருங்க லா. லேட்டானா நாற்காலிய அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

குருபோங் வருவதற்குள் கார் இடப்பக்கமாகவே இழுக்க ஆரம்பித்தது. ஒரு லாரி உரசாத குறையாகப் போனது. பெட்ரோல் நிலையத்துக்குள் எப்படியோ திருப்பினேன்.

முன்பக்க இடது டயர் சப்பையாக இருந்தது. காற்று மிஷின் தொண்ணூறு காட்டியது. கதவோர ஸ்டிக்கரில் காற்றழுத்தம் இருநூற்று இருபது என்று போட்டிருந்தது. காற்றை ஏற்றினேன். ஸ்டியரிங் மட்டும் இளகவில்லை. பானெட்டைத் திறக்கும் பிடி எங்கே இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது. பதினைந்து வருடமாக அதே காரில் ஏறி இறங்குகிறவள் நான்.

பக்கவாதம் வரும்வரை கார் அவர் பாடு. வெள்ளிதோறும் குளித்துவிட்டு அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டுவார். காருக்குக் காட்ட நான் கற்பூரத் தட்டோடு வெளியே வரும்போது பானெட் மூடியிருக்கும். நான் கண்டது பூசையை மட்டும்தான். அவர் விழுந்த பிறகு ஒரு வெள்ளிகூட விடாமல் அதைச் செய்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அவர் கண்ணால் காட்டிய இடத்தில் துழாவிப் பிடியை இழுத்தேன். அவரைத் தூக்கி நிறுத்தி, வண்டியோடு சாய்த்துவைத்து, உள்ளே ஒவ்வொரு மூடியாகத் தொட்டேன்.

"ஏங்க, இதுவா?"

இல்லை என்று தலையசைத்தார். அடுத்ததும் இல்லை. மூன்றாவதாக ஒரு சின்ன டப்பாவைத் தொட்டதும் இடது கையைத் தூக்கி "ஆ... ஆ..." என்றார்.

அந்தக் கையும் அந்தச் சத்தமும் எனக்குத் தெரிந்தவை. ஒவ்வொரு வெள்ளியும் நான் கற்பூரம் காட்டும்போது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி காரைப் பார்த்து இதையேதான் செய்தார். திருநீறு கேட்கிறார் என்று நினைத்து நெற்றி நிறையப் பூசி, "சாமி பாத்துக்கும், சும்மா இருங்க" என்பேன். கண்ணை மூடிக்கொள்வார். பேச முடியாத மனிதரின் வாயை நான் திருநீற்றால் அடைத்திருக்கிறேன், பாவி.

அது ஸ்டியரிங் எண்ணெய் டப்பா; காய்ந்து கிடந்தது. கடைக்குள் ஓடி எண்ணெய் வாங்கி வந்து கோடு வரைக்கும் ஊற்றினேன். அவர் விரலைச் சுழற்றிக் காட்டினார். இன்ஜினைப் போட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பினேன். எண்ணெய் இறங்கியது, நிறுத்தி மறுபடி ஊற்றினேன். அதுவரை அந்தக் காலோடு நின்றுகொண்டிருந்தார். உதடு கறுத்துவிட்டிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால். நாற்காலியருகே வேறொருவர் பையோடு நின்றிருந்தார். என் கணவரின் காலைக் காட்டினேன். அந்த ஆள் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் வெள்ளி. சக்கர நாற்காலியைப் பம்பருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, பானெட்டைத் திறந்தேன். எண்ணெய் ஒரு விரல் குறைந்திருந்தது. எங்கோ ஒழுகுகிறது, பட்டறைக்குப் போக வேண்டும். ஊற்றினேன். நான்கு டயரையும் சுற்றிக் காட்டினேன். வழக்கம்போலத் தூக்கியிருந்த கையை மெல்ல மடியில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கற்பூரத்தை ஏற்றினேன்.