ஏசி சரியான நாள்

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அக்கா ஒரே ஒருமுறைதான் வந்து எங்களோடு தங்கினாள். அதுவும் கார் கெட்டுப்போன புண்ணியத்தில்.

மாப்பிள்ளைக்குக் கார் கொடுப்பதாகப் பேச்சு. நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா, யாரோ ஓட்டித் தேய்த்த கார் ஒன்றை வாங்கி, பெயிண்ட் அடித்து, மாலை போட்டு மண்டப வாசலில் நிறுத்திவிட்டார். சித்திரை வெயில் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. ஏசியில் அனல்தான் வந்தது. அத்தான் அக்காவையும் காரையும் எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், "ஏசியச் சரிபண்ணிட்டு ரெண்டையும் அனுப்பி வையுங்க மாமா" என்றார். அக்காவையும் காரையும் சேர்த்து ‘ரெண்டையும்’ என்றது எனக்குச் சிரிப்பாக இருந்தது. வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளிக்கூடம் லீவு. அக்கா வந்தது எனக்குக் கொண்டாட்டம். அவள் பகலெல்லாம் தூங்கினாள். செல்போன் அடித்தால் மட்டும் வாரிச் சுருட்டி எழுந்து, நின்றுகொண்டே பேசினாள்.

மில்லில் பெரிய பெரிய எந்திரங்களைக் கட்டி மேய்க்கிறவருக்குக் காரின் ஏசி எம்மாத்திரம்? அப்பா மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. கேஸ் டப்பாவும் ட்யூபும் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை தானே ஏற்றினார். காற்று சில்லென்று வந்தது. மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால் மறுபடியும் அனல். சோப்பு நுரையைத் தன் ஷேவிங் பிரஷால் தொட்டு, குழாய் மூட்டு ஒவ்வொன்றிலும் தடவினார். கசிவு இருந்தால் நுரை குமிழியிடும் என்றார். எங்கேயும் ஒரு குமிழிகூட வரவில்லை. மறுபடி கேஸ் ஏற்றினார், மறுநாள் மறுபடி அனல்.

மூன்றாவது தடவை ஏற்றிவிட்டு அவர் மில்லுக்குப் போன மத்தியானம், நான் அதைப் பார்த்தேன். அக்கா பானெட்டைத் திறந்து, குழாயில் இருந்த கருப்பு மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஊசியைத் தன் கொண்டை ஊசியால் அழுத்திக்கொண்டிருந்தாள். கேஸ் சீறிக்கொண்டு வெளியேறியது. அந்தக் குளிரில் அவள் கட்டைவிரல் வெந்ததுபோல் வெளுத்திருந்தது.

"ஏட்டி, அப்பாட்ட சொல்லிறாத. இன்னும் நாலு நாள் இங்க இருந்துக்கிடுதேன்" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்று சாயங்காலம் அக்காவின் மாமியார் போன் செய்து, "வீட்டுல வச்சுக் குடைஞ்சா இப்பிடித்தான் ஆகும்" என்று அப்பாவைக் காய்ச்சி எடுத்தாள். அப்பா பிரஷும் கையுமாகக் காருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் பாதி. அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற பெருமை மீதி.

"அப்பா, கேஸ் தானாப் போகல. அக்காதான் தெறந்துவிட்டா. இன்னும் நாலு நாள் இருக்கணுமாம்."

அப்பா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். ஏன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அப்பா கடைசி டப்பாவை ஏற்றினார். மூடியைத் திருகினார். பிறகு தண்ணீர்க் குழாய் ஒழுகினால் பூசுகிற பசையைப் பிசைந்து, இனி யாரும் கழற்ற முடியாதபடி மூடியின் மேல் அப்பி அடைத்தார். மாமியார் வீட்டில் அக்கா பட்டதெல்லாம் எனக்குத் தெரியவர இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மறுநாள் காலையில் அப்பா, அக்கா, நான் மூவரும் காரில் கிளம்பினோம். நான் முன்சீட்டில் உட்கார்ந்து, குளிர்காற்றுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டேன். பின்சீட்டில் அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"கண்ணாடிய ஏத்தும்மா, குளிரு வெளிய போகுதுல்லா" என்றார் அப்பா.

அக்கா ஏற்றினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் காருக்குள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் வண்டி மாதிரி இருக்கு" என்றாள். அப்பா என் தலையைத் தடவி, "கோளாறக் கண்டுபிடிச்சது இவதான்" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஊருக்குப் பஸ்ஸில் திரும்பினோம். அப்பா வழிநெடுக விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார். தோல் சிவந்த பிறகும் விடவில்லை.

"வீட்டுக்குப் போயி சோப்பு போட்டாப் போயிரும்ப்பா" என்று நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.