பாதி டேங்க்

காரில் பெட்ரோல் வாடை வருகிறது என்று நான் சொன்னபோதெல்லாம் என் கணவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "உன் மூக்குலதான் கோளாறு." பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அதை வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்தக் காரை ஓட்டுவது நான். தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனில் வீடு, கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் வேலை. மகளின் பாலர் பள்ளியும் என் ஆபீஸுக்குப் பக்கத்தில் என்பதால் தினமும் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கடல் பாலத்தைத் தாண்டுவேன். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவருக்கு மோட்டார் சைக்கிள் போதும். சில நாட்களில் பாலத்தின் நடுவிலேயே மகள் தலை சுற்றுகிறது என்று சொல்லி வாந்தி எடுப்பாள். "காலையில பால் குடுக்காதே" என்பார். நிறுத்தினேன். வாந்தி நிற்கவில்லை.

"ஃபுல் டேங்க் அடிக்காதே, பாதி போதும். கனம் கூடுனா எண்ணெ நெறய குடிக்கும்" என்றும் அடிக்கடி சொல்வார்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பாதைகள் அடைத்துக்கொள்ளும் என்று நினைத்து டேங்கை நிரப்பினேன். மூடியைத் திருகிவிட்டுக் குனிந்தால், பின்சக்கரத்தின் உள்பக்கமிருந்து சொட்டுச் சொட்டாக வடிகிறது. தொட்டுப் பார்த்தேன். பெட்ரோல். மகளை இறக்கித் தூரமாகக் கூட்டிப்போய் நின்றுகொண்டு அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து காரைப் பட்டறைக்கு இழுத்துப் போனார்.

டேங்கைக் காலி செய்து, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே மண் அப்பியிருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்தார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் குழாய் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதன்மேல் கறுப்பு டேப். டேப்பின்மேல் ஆரஞ்சுத் துணி, கம்பியால் முறுக்கிக் கட்டி. தரை துடைக்க நானே கிழித்து வைத்திருந்த, என் கணவருடைய பழைய வேலைச் சட்டை அது.

"அக்கா, ஒழுகுறது தெரிஞ்சேதான் யாரோ கட்டியிருக்காங்க" என்றார் மெக்கானிக். "பாதிக்கு மேல அடிச்சா நிக்காதுலா. வாடை எப்பவும் வரும். பாலத்துல ஒரு நெருப்புப் பொறி பட்டிருந்தா..." மகள் நிற்பதைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

"புதுசு போட்டுருங்க தம்பி" என்றேன்.

குழாய், அதை டேங்கோடு இணைக்கும் ரப்பர், அதை இறுக்கும் வளையம் எல்லாம் மாற்றினார். விளிம்புவரை பெட்ரோல் ஊற்றி, இணைப்பைச் சுற்றிக் காகிதத்தால் ஒற்றிக் காட்டினார். ஈரமே இல்லை.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் கேட்டேன். மறுப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஆமா, நாந்தான் கட்டுனேன். அதான் பாதி அடின்னு சொன்னேன்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பயந்துகிட்டு காடிய எடுக்க மாட்டே. அப்புறம் பிள்ளைய யாரு கொண்டு போயி விடுறது? நான் லீவு போடவா?"

போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். குரலில் கொஞ்சமாவது கூச்சம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஓட்டைக் குழாயைக்கூட மன்னித்துவிடலாம். வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டே, என் மூக்கைக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்தாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்துப் பந்தலில் அவருடைய அக்காவைப் பார்த்தோம். காரைப் பற்றிப் பேச்சு வந்தது.

"எண்ணெ ஒழுகுச்சுக்கா. நல்லவேளை, கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டேன்" என்றார் இவர்.

அக்கா என் தோளைத் தட்டினார். "தம்பி இருக்கப்போயி தப்பிச்சீங்க."

கையிலிருந்த மோர் டம்ளரைக் கணவரிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பு பத்தவில்லை என்றார்.