கறுப்பி என்று கூப்பிடக் கூடாது

அமெரிக்காக்காரன் சண்டை அமெரிக்காவோடு இருந்திருக்கலாம். ஏழு கடல் தாண்டி வந்து எங்கள் கேண்டீன் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டுமா? ஒட்டிக்கொண்டது. எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் ரவாங் பக்கத்தில் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில் நான் லைன் லீடராக இருந்தேன். ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் போகிற சின்னச் சின்னப் பாகங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒட்டுகிற வேலை. அங்கே நடந்த கூத்து இது.

சுவரில் ஒட்டியது ஓர் அறிவிப்பு. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நாலு மொழியில் இருந்தது. யாரையும் நிறத்தையோ இனத்தையோ உடம்பையோ சொல்லிக் கூப்பிடக் கூடாது, மீறினால் எச்சரிக்கை, அதற்கும் அடங்காவிட்டால் வேலை போகும். தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். தோட்டத்திலிருந்து வந்த பெண்களில் பள்ளியில் ஐந்தாம் பாரம் வரை படித்து இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அமெரிக்காவில் உள்ள தலைமை அலுவலகம் உலகம் பூராவும் இருக்கிற தன் தொழிற்சாலைகளுக்கெல்லாம் ஒரே உத்தரவாகப் போட்டிருந்தது.

எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? எங்கள் சூப்பர்வைசரின் வாயை அடைக்க ஒரு வழி கிடைத்தது என்று நினைத்தேன். அவர் தமிழர்தான். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர். மகன் சுங்கை சோ டவுனில் வீடு வாங்கி, டை கட்டிக்கொண்டவர், எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏய் எஸ்டேட்டு, இங்க வா." "எஸ்டேட்டுக்குச் சொன்னா புரியுமா?" "தோட்டக்காட்டுப் புத்தி போகுமா?" சீனப் பெண்ணையோ மலாய்ப் பெண்ணையோ இப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நாங்கள்தான் அவருக்கு இளப்பம்.

என் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி என் லைனிலேயே வேலை பார்த்தாள். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில், ஒரே பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவளை எல்லோரும் கறுப்பி என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இதையாவது யாரும் கண் வைக்காமல் இருக்கட்டும் என்று அவள் அம்மா ஆசையாக வைத்த பெயர் அது. சர்ட்டிபிக்கேட்டில் நீளமாக ஓர் அம்மன் பெயர் உண்டு. அது இருக்கிறது என்பதே அடையாள அட்டை எடுக்கும்போதுதான் ஞாபகத்துக்கு வரும். தமிழ்ப் பள்ளி வாத்தியாரே அவளைக் கறுப்பி என்றுதான் எழுப்பி வாய்ப்பாடு கேட்பார்.

அவள் வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அந்த வேலை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. தோட்டத்துக்குத் திரும்பி, முதுகில் மருந்துப் பம்பைக் கட்டிக்கொண்டு எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு அடியில் களைமருந்து அடிக்க வேண்டும். அவள் அம்மா அந்த வேலையைத்தான் செய்தாள். அந்த அம்மாவின் விரல் நகங்கள் மருந்தில் வெந்து கழன்றுவிட்டன. சோற்றைப் பிசைய முடியாது, கரண்டியால் சாப்பிடுவாள். கறுப்பிக்கு அதைப் பார்த்துப் பார்த்தே கிலி. "என்னா வேணும்னாலும் செய்யிறேன்டி, அந்தப் பம்ப மட்டும் என் முதுகுல ஏத்திராத" என்று பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். நான் என்னமோ பெரிய முதலாளி மாதிரி.

அறிவிப்பு ஒட்டிய அன்று அவள்தான் முதலில் குதித்தாள். "வெள்ளக்காரரே எழுதிப் போட்டுட்டாரு. இனிமே அந்த ஆளு எஸ்டேட்டுன்னு கூப்பிட்டுப் பாக்கட்டும். வாடி, போயி சொல்லுவோம்."

போனோம். மேனேஜர் அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்தவர். நல்ல மனுஷன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். எழுந்து நின்று நாற்காலி காட்டினார். நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"எஸ்டேட் என்று சொன்னாரா? அதில் என்ன தப்பு?" என்று இங்கிலீஷில் கேட்டார். அவர் ஊரில் எஸ்டேட் என்றால் பணக்காரர்கள் குதிரையும் தோட்டமும் வைத்துக்கொண்டு வாழ்கிற மாளிகையாம். அப்படி ஓர் இடத்தில் வாழ அவருடைய அத்தை உயிரையே கொடுப்பாளாம். அது எங்களுக்கு வசவு என்று நான் சொன்னேன். எப்படி வசவு என்று கேட்டார். எப்படிச் சொல்வேன்? லயத்தையும், வாளியில் பிடிக்கிற தண்ணீரையும், வேலை வாங்குகிற மண்டோர் கத்துகிற கத்தலையும், கிராணி வீட்டுக்குள் நாங்கள் போக முடியாததையும் அந்த ஒரு வார்த்தைக்குள் திணித்து வைத்திருக்கிறார்கள் என்று என் ஐந்தாம் பார இங்கிலீஷில் சொல்ல முடியுமா? வசவுதான் சார் என்று மறுபடியும் அதையே சொன்னேன். அவர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விசாரித்தார். "அவங்க இருக்கிற இடத்தச் சொன்னேன் சார், அவ்வளவுதான்" என்றார் அந்த மனுஷர், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரி. அறிவிப்பில் நிறம் இருந்தது, இனம் இருந்தது, உடம்பு இருந்தது. இடம் இல்லை. முடிந்தது.

அதோடு விட்டாரா? "சார், இந்தப் பொண்ணுங்கதான் ஒருத்திய ஒருத்தி பிளாக்கின்னு கூப்பிட்டுக்கிறாங்க" என்று ஒரு போடு போட்டார்.

மேனேஜர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்துபோனது. என்னைப் பார்த்து, உண்மையா என்று கேட்டார். தமிழில் அது என்ன வார்த்தை, அதற்கு என்ன அர்த்தம் என்றும் கேட்டார். கறுப்பி, கறுப்பு என்றுதான் அர்த்தம், ஆனால் அது அன்பாகக் கூப்பிடுவது, அவள் அம்மாவே அப்படித்தான் கூப்பிடுவாள் என்றேன்.

"என் அப்பாவும் அன்பாகத்தான் சொல்கிறேன் என்றுதான் சொல்வார்" என்றார்.

பிறகு சூப்பர்வைசரை அனுப்பிவிட்டுத் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் அவருடைய அப்பா, எதிரே காலேஜில் படிக்கிற மகள். அப்பா கறுப்பின மக்களைப் பழைய வார்த்தையால் சொல்வார். மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். மகள் புது வார்த்தை எடுத்துக் கொடுத்தால், என் நாட்டில் நான் வாயைத் திறக்க உன் காலேஜில் அனுமதி வாங்கணுமா என்று கிழவர் கத்துவார். டிவியைப் போட்டால் அங்கேயும் இதே சண்டை, பேப்பரைப் பிரித்தால் அதிலும் இதே சண்டை. எதைச் சொன்னாலும் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் தன் வீட்டில் உப்பை எடு என்பதைத் தவிர எதுவும் பேசுவதில்லை என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. ஐயோ, நீயும் மாட்டிக்கொண்டு முழிக்கிறவன்தானா என்று நினைத்தேன். ஆனால் பாவப்பட்டு என்ன செய்ய? அவர் மாட்டிக்கொண்ட கூண்டுக்குள் எங்களையும் பிடித்துப் போட்டார். இனிமேல் அந்த வார்த்தையைச் சொல்கிறவருக்கும் எச்சரிக்கை, அதற்குத் திரும்பிப் பார்க்கிறவருக்கும் எச்சரிக்கை. திரும்பிப் பார்த்தால் அந்த வழக்கத்துக்கு உடன்படுவதாக ஆகுமாம். நிரந்தரம் ஆகாதவருக்கு ஓர் எச்சரிக்கை வந்தாலே வேலை முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், லைனுக்குள் நாங்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. தூசி படக்கூடாது என்று முகத்துக்கும் மூடி. கண் மட்டும்தான் தெரியும். கறுப்பு எது, சிவப்பு எது என்று பெற்ற தாயே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்குள் நின்றுகொண்டு நான் அவளை அந்த நீளமான அம்மன் பெயரால் கூப்பிட்டேன். அவள் திரும்பவே இல்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலை பார்த்தாள். தோளைத் தொட்டால்தான் திரும்புவாள். "மன்னிச்சிக்கடி, அது நான்தான்னு மண்டைக்குள்ள ஏற மாட்டேங்குது" என்று சிரிப்பாள். கொஞ்ச நாளில் சிரிப்பும் நின்றது. கேண்டீனில் வாயைத் திறக்கும் முன் நாங்கள் நாலு பக்கமும் பார்த்தோம். பஸ்ஸில்கூடக் குசுகுசுதான், யார் போய்ச் சொல்வார்களோ என்று.

சூப்பர்வைசருக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. "எஸ்டேட்டு, வேகமா" என்பார், இன்னும் சத்தமாக.

ஒருநாள் மத்தியானம் அவள் தட்டு நிறையப் பாகங்களை எடுத்துக்கொண்டு, தப்பான மெஷினுக்குப் போனாள். நான் அறையின் இந்தக் கோடியில் நின்றேன். அம்மன் பெயரைச் சொன்னேன், காதில் விழவில்லை. தட்டை உள்ளே விட்டால் அத்தனையும் பாழ். வாயில் வந்துவிட்டது: "கறுப்பி!" அவள் சட்டென்று நின்று திரும்பினாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டேன்தான். இன்றைக்கும் அதை நான் தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டு பேரையும் மேனேஜர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, மெதுவாக, ஒரு கேள்வி கேட்டார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"இந்த வார்த்தை உனக்கு வலிக்கிறதா?"

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மனுஷர் அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறார். வலிக்கிறது என்றால் அவள் பாதிக்கப்பட்டவள், தண்டனை கூப்பிட்ட எனக்கு மட்டும். வலிக்கவில்லை என்றால் அவளும் உடன்பட்டவள், இன்றோடு வேலை காலி. அவர் கண்ணில் கெஞ்சலே இருந்தது. இருந்தது அந்த ஒரே கதவு. அதன் வழியாகப் போக வேண்டுமானால் அவள் அம்மா கூப்பிட்ட பெயரை வசவு என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

கேள்வியைத் தமிழில் சொன்னேன். "வலிக்குதுன்னு சொல்லுடி. சொல்லித் தொலை. என்னையப் பத்திக் கவலப்படாத" என்றும் சேர்த்துச் சொன்னேன். மேனேஜருக்கு என்ன தெரியும்?

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவளே சொன்னாள்: "யெஸ் சார். பெயின்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். ஐயாம் சாரி, ஐயாம் சாரி என்று அவளிடம் நாலு தரம் சொன்னார். எனக்கு எச்சரிக்கை. லைன் லீடர் வேலையும் போனது, பழையபடி மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்காக எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் முதுகில் பம்பு ஏறவில்லை. வெளியே வந்தபோது சூப்பர்வைசர் அவளைப் பார்த்து, "பரவால்லையே, எஸ்டேட்டுக்கு இவ்வளவு மூளையா?" என்று சிரித்தார். அதற்கு எந்தச் சுவரிலும் அறிவிப்பு இல்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பத்தாங் பெர்ஜுந்தை ஊரைத் தாண்டுகிறவரை எப்போதும்போல என் கையைப் பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்டேன் என்று பயப்படுகிறாளோ என்று நினைத்து, "விடு லா, பொய்தானே சொன்ன? பொழப்புக்குச் சொன்னது. நீ எப்பவும் என் கறுப்பிதான்" என்றேன்.

"வேணாம்டி. அப்படிக் கூப்பிடாத."

"இங்க யாரும் இல்லடி."

"யாரும் இல்லன்னாலும் கூப்பிடாத." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பொய்யின்னு நெனச்சித்தான் சொன்னேன். சொன்னப்புறம் நெசமாவே வலிக்குது. பொண்ணு பாக்க வந்தவங்க என் மூஞ்சியப் பாத்துட்டு காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சிப் போனாங்களே, அன்னிக்குக்கூட எனக்கு இது தோணல. இப்ப அது எல்லாம் சேந்து வருது."

யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

லயத்தில் இறங்கினோம். அவள் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மருந்து அடித்துவிட்டு வந்து குளித்திருந்தாள், அப்படியும் அந்த வாடை போகவில்லை.

"கறுப்பி, வந்துட்டியா? சாப்பிட வா."

"அம்மா, இனிமே அப்படிக் கூப்பிடாத."

அந்த அம்மா என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "பின்ன என்னான்னு கூப்பிடுறது?" என்று நிஜமாகவே கேட்டாள். மகள் உள்ளே போனாள்.

பலகைச் சுவர்தானே, பேச்சு எல்லாம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அந்த அம்மன் பெயரை அவள் அம்மா ஒரு நாளும் சொல்லிப் பழகவில்லை. மறுநாள் காலையிலிருந்து மகளை "ஏய்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். சாகிறவரை அப்படித்தான் கூப்பிட்டாள்.