நான் முந்திச் சொன்ன மண்டி

மாமா கார் வாங்கப் போகிறார் என்ற கதை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கார் உடுப்பிட்டியில் ஒருவருடைய ஓலைக் கொட்டிலுக்குள் சிவனே என்று நின்றுகொண்டிருந்தது. ஆனால் எங்கள் ஊரான கொடிகாமத்தில் என் மச்சாள் அதில் ஓடித் திரியத் தொடங்கிவிட்டாள். பள்ளிக்கூட வாங்குப் பலகையில் ஏறியிருந்து, கதவே இல்லாத பக்கத்தில் கையை நீட்டி, "அடிச்சுச் சாத்தக்கூடாது, மெல்லமா இழுக்கவேணும்" என்று எல்லாருக்கும் காட்டிக்கொடுத்தாள். அவளுடைய நடையைக் கண்டுவிட்டு அம்மா, "உவளுக்கு இப்பவே கழுத்து கார் ஜன்னலுக்கு வெளியிலை நிக்குது" என்று சொன்னா. அம்மா சிரிப்பதற்காகச் சொன்னது. நான் அதை நாலு நாள் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வயது. எங்கள் இரண்டு பேருக்கும் பத்து. அதுவரைக்கும் அவளிடம் இருந்ததெல்லாம் என்னிடமும் இருந்தது. சட்டை கூட ஒரே துணியில் ஒரே தையற்காரி தைத்ததுதான். முதன்முதலாக அவளுக்கு ஒன்று வரப்போகிறது, எனக்கு வராது. அதை எப்படித் தாங்குவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

அது அரசாங்கம் போட்ட தடைக் காலம். பெற்றோல் வடக்குக்கு வருவதில்லை. நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். கார் போன பாதையைப் புகையை வைத்தே கண்டுபிடிக்கலாம். மாமா அந்தக் காரைச் சந்தியில் வாடகைக்கு விடப் போகிறார். சந்தைக்கு வரும் வெண்காயம், பயித்தங்காய், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்கள் எல்லாம் அதில்தான் போகும். அதற்காக மாமியின் கழுத்து அட்டியல் கைமாறப் போகிறது. அது மாமியின் தாய் போட்டுக்கொண்டுவந்த அட்டியல்.

எங்கள் அப்பா தோட்டங்களுக்குப் போய் தண்ணீர் இறைப்பு மெஷின் திருத்துகிறவர். அந்தப் பக்கத்தில் யார் பழைய எஞ்சின் வாங்கினாலும் அப்பாவை ஒருதரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல் வாங்கமாட்டார்கள். அப்பா முதலில் எஞ்சினை ஸ்டாட் பண்ணச் சொல்லமாட்டார். ஒயில் விடுகிற மூடியைக் கழற்றி உட்பக்கத்தைப் பார்ப்பார். "சத்தத்தை ஆரும் பூசி மெழுகலாம். மூடிக்குக் கீழை ஒருத்தரும் பூசிறேல்லை" என்பார். உள்ளே கறுப்பாகக் களிபோல அப்பிக் கிடந்தால் ஒரே சொல்தான்: "மண்டி." அந்தச் சொல்லோடு பேரம் முடிந்துவிடும்.

ஒரு நாள் இடைவேளையில் மச்சாள் காருக்கு இருக்கை பிரித்தாள். முன்னால் தகப்பனும் தாயும். பின்னால் ஒரு ஜன்னல் அவளுக்கு. மற்ற ஜன்னலைச் சங்கக்கடை மனேச்சரின் மகளுக்குக் கொடுத்தாள்.

"அப்ப நான்?"

"நீ நடுவிலை இரு. உனக்குத்தானே சத்தி வாறது."

தட்டிவானில், எங்கள் பக்கத்துப் பலகை அடித்த பழைய பஸ்ஸில், ஒரே ஒரு தரம் வாந்தி எடுத்தேன். அதுவும் முதல் வகுப்பில். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் எழும்பி நின்று சொன்னேன்: "எங்கடை அப்பா பாத்துச் சொன்னாத்தான் உங்கடை அப்பா வாங்குவார். எங்கடை அப்பா மண்டி எண்டு சொல்லப்போறார். அப்ப உங்களுக்குக் காருமில்லை, ஜன்னலுமில்லை. இருந்து பாரும்."

அப்பா அந்தக் காரைக் கண்ணாலும் கண்டிருக்கவில்லை. அப்படி ஒரு பேச்சு எங்கள் வீட்டில் நடக்கவுமில்லை. அந்த வசனம் முழுக்க முழுக்க என் வயிற்றெரிச்சலில் விளைந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்களின் வாய் மூடியது. அன்று முழுவதும் எனக்கு நல்ல நாள்.

அடுத்த கிழமை அப்பா, மாமா, மாமி, நாங்கள் இரண்டு பேர் என்று தட்டிவானில் நெல்லியடிக்குப் போய், அங்கிருந்து உடுப்பிட்டிக்கு நடந்தோம். நான் அழுது அடம்பிடித்துத்தான் கூடப் போனேன். காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தபால் அதிபர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. ஒரு குண்டூசியைக்கூட எறிந்திருக்கமாட்டார் என்று பார்த்தவுடன் தெரியும்.

கார் பளபளவென்று நின்றது. மச்சாள் ஓடிப்போய்க் கதவைப் பிடித்து, மெல்லமாக இழுத்துக் காட்டினாள். அது உண்மையாகவே மெல்லமாகச் சாத்துப்பட்டது. எனக்கு நெஞ்சுக்குள் யாரோ மிளகாய் அரைத்தார்கள்.

"ஐயா, ஒயில் எப்ப மாத்தினனீங்கள்?" என்று அப்பா கேட்டார்.

"மாத்திறதோ!" தபால் அதிபருக்கு அது குறையாகப் பட்டது. "தம்பி, இது தடைக்கு முதல் வாங்கின ஒயில். இப்ப எங்கை எடுக்கிறது? மாசத்துக்கொருக்கா இறக்கி, பழைய வேட்டித் துணியிலை வடிச்சு, திரும்ப விட்டிடுவன். ஒரு சொட்டு வீண் போறேல்லை. நல்லாப் பழகின ஒயில்."

அப்பா மூடியைக் கழற்றினார். உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சுட்டுவிரலை உள்ளே விட்டு, இரண்டாவது மடிப்பு வரைக்கும் வழித்து எடுத்தார். விரல் முழுக்கக் கறுப்புக் களி. பெருவிரலோடு தேய்த்து மணந்தார். எனக்கு நின்ற இடத்திலேயே மண்ணெண்ணெய் மணத்தது.

"மண்டி," என்றார்.

மச்சாள் தாயைப் பார்த்தாள். தாய் அப்பாவைப் பார்த்தா.

"உந்தச் சொல்லு எங்களுக்குப் போன கிழமையே வந்திட்டுது, அண்ணை," என்றா மாமி.

"எந்தச் சொல்லு, தங்கச்சி?"

"மண்டி எண்டுறது. நீங்கள் காரைக் காணமுதலே உங்கடை வீட்டிலை மண்டி கண்டாச்சு. உங்கடை பிள்ளையைக் கேளுங்கோ. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். பத்து வயசுப் பிள்ளைக்கு உது தானா வருமே?"

"நீ சும்மா இரப்பா," என்று மாமியை அடக்கினார் மாமா. ஆனால் அவருடைய கண்ணும் அப்பாவைத்தான் சந்தேகத்தோடு பார்த்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். நீண்ட நேரம் பார்க்கவில்லை. தெருவில் போகிறவர் ஒரு வீட்டு வாசற்படலையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. 'அப்பா சொல்லித் தரேல்லை, நான்தான் சும்மா சொன்னனான்' என்று ஒரு வசனம் சொன்னால் போதும். வசனம் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மச்சாள் காரில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். அவளுக்கு முன்னால் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. விழுங்கிவிட்டேன்.

"வாங்கிறதெண்டா வாங்குங்கோ," என்றார் அப்பா. "ஆனா ஓட முதல் எஞ்சின்ரை கீழ்ச் சட்டியைக் கழட்டி ஒருக்காக் கழுவவேணும்."

"கழுவிறதும் நீங்கள்தானே? கூலியும் உங்களுக்குத்தானே?"

அப்பா மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கினார். தபால் அதிபருக்குத் தலையசைத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கினார். திரும்பி வரும்போது எனக்கு அடி விழும் என்று முதுகை இறுக்கிக்கொண்டு வந்தேன். விழவில்லை. வீட்டிலும் அந்தக் கதையை ஒருவரும் எடுக்கவில்லை. அப்பாவுக்கு மறந்துபோய்விட்டது என்று முடிவுகட்டினேன்.

அட்டியல் போனது, கார் வந்தது; கீழ்ச் சட்டியை ஒருவரும் கழற்றவில்லை. பிள்ளையார் கோயில் வாசலில் தேசிக்காயை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. முதல் ஓட்டத்தில் நான் நடுவில்தான் இருந்தேன். மனேச்சரின் மகள் வெளியே கையை விட்டுக் காற்றைப் பிடித்தாள். சத்தி வந்துவிடுமோ என்ற பயத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அன்று மட்டும் மச்சாளுக்கு அந்த வெற்றியைக் கொடுத்திருந்தால் நான் உயிரோடு இருந்திருக்கமாட்டேன்.

பயித்தங்காய் மூட்டைகளோடு யாழ்ப்பாணம் போன ஒரு நாள், கார் மீசாலையில் நின்றுவிட்டது. எஞ்சின் இறுகிவிட்டதாம். மாட்டு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மாமி முற்றத்தில் இருந்துவிட்டா. எழும்பவில்லை. கழுத்தை மட்டும் ஒருதரம் தடவிப் பார்த்தா. நான் வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்பா சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஸ்பானர் சாவிப் பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு அங்கே போனார். கூலி பேசவில்லை. கீழ்ச் சட்டியைக் கழற்றி, உள்ளே இருந்ததைச் சிரட்டையால் அள்ளி அள்ளிப் போட்டார். ஒயில் இழுக்கிற வலை கண் தெரியாமல் அடைத்துக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் முழுவதும் அங்கேதான். என் கணக்குக் கொப்பி பார்க்க ஆளில்லை. நான் அங்கே போனால், மச்சாள் அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "மாமா, பன்ரண்டாம் நம்பரோ?" என்று கேட்டுச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காரும் அவளுக்கு, இப்போது அப்பாவும் அவளுக்கு.

எல்லாம் பூட்டி, புது ஒயில் எங்கேயோ தேடி விட்டு, கடைசி நாள் எஞ்சின் ஓடியது. மாமி தேத்தண்ணி கொண்டுவந்தா. கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றா.

"அண்டைக்கே சொன்னனீங்கள் அண்ணை. நான்தான் வாய்க்கு வந்தபடி கதைச்சுப்போட்டன். உறுதியா இன்னும் ரெண்டு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

அப்பா என் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியை ஊதினார். "நானும் அண்டைக்கு வடிவாப் பாக்கேல்லை, தங்கச்சி. மேலோட்டமாப் பாத்துப்போட்டு விட்டிட்டன். என்ரை பிழைதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாவது மடிப்பு வரைக்கும் விரலை விட்டுப் பார்த்தவர் இவர். நான் கண்டேன். வேலியடியில் நின்று வேடிக்கை பார்த்த இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமை சந்தையில் அது 'அவர் பாத்து எடுத்த கார்' ஆகிவிட்டது. பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் அப்பாவைத் தேடி வருவதும் மெல்ல மெல்லக் குறைந்தது. மச்சாளும் வகுப்பில் சொன்னாள்: "உங்கடை அப்பா வடிவாப் பாக்கேல்லையாம். அவரே சொன்னவர்."

எஞ்சின் ஓடிய அந்தப் பின்னேரம் அப்பா கையைக் கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்து, "ஏறம்மா" என்றார். நான் ஏறவில்லை. வாயிருந்தும் உண்மை சொல்லத் தெரியாத ஒருவரோடு சைக்கிளில் போக எனக்கு வெட்கமாக இருந்தது. விறுவிறு என்று முன்னால் நடந்தேன். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்பா சைக்கிளில் ஏறாமல், அதைப் பிடித்து உருட்டிக்கொண்டு, என் பின்னால் என் நடைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்.

சைக்கிள் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன்.