யோகன் அண்ணையின் விசைகள்

போன கிழமை அண்ணனின் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சித்தப்பா, நான் வைச்ச கீ ஒண்டும் வேலை செய்யுதில்லை" என்றாள். கறுப்புத் திரையில் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. மௌஸே தேவையில்லையாம். திறக்க ஒரு விசை, அழிக்க ஒரு விசை என்று தன் வசதிக்கு அவளே கட்டளைகளை மாற்றி வைத்திருந்தாள். எனக்கு உடனே மண்ணெண்ணெய் மணத்தது. அவளிடம் சொன்னால் சிரிப்பாள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சண்டையால் கிளிநொச்சியை விட்டு மல்லாவிக்கு வந்திருந்த காலம். ஓலைக் கொட்டிலில் நடந்த எங்கள் கல்வி நிலையத்தில் ஒரு கணினி இருந்தது, மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைக்கும் நாளில் மட்டும் ஜெனரேற்றர் உறுமும், கொட்டில் முழுக்கப் புகை. நான்தான் கணினிப் பொறுப்பாளர். பெயர்தான் பெரிது. தூசு படாமல் துணியால் மூடுவதில் மட்டும் என்னை வெல்ல ஆளில்லை. அதிலும் கோப்புகளை வரிசையாகக் காட்டும் ஒரு நீலத் திரை. அதன் விசைகளையெல்லாம் தன் எண்ணப்படி மாற்றி வைத்தவர் யோகன் அண்ணை. அவர் வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்து, ஆமிக் கட்டுப்பாட்டிலிருந்த வவுனியாவுக்குப் போய், திரும்பிவர அனுமதி கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார்.

அந்தக் கணினிக்குள் மகாலிங்கம் மாஸ்டரின் கணிதப் புத்தகம் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் புலமைப்பரிசில் சோதனைக்காக அவர் எழுதியது. கையெழுத்துப் பிரதி இடம்பெயர்வில் போய்விட்டது. பிள்ளைகளும் புத்தகப் பைகளை விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள். திரையில் புத்தகத்தின் பெயர் தெரியும். வழக்கமான விசையை அமத்தினால், யோகன் அண்ணையின் கட்டளை கிளிநொச்சியில் விட்டுவந்த மற்ற டிஸ்க்கில் போய்த் தேடிவிட்டு, இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லும். மாஸ்டர் தினமும் வந்து "திறந்ததோ?" என்பார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மாஸ்டரின் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, கண் காட்ட வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனபோது, யோகன் அண்ணையிடம் வழி கேட்டுவரச் சொன்னோம். எழுதி வாங்க வேண்டாம் என்றும் சொன்னோம். ஆங்கில எழுத்தும் சாய்ந்த கோடுமாக ஒரு கடதாசி ஆமிச் சென்றியில் சோதனையின்போது அகப்பட்டால், அது கணக்குப் புத்தகம் திறக்கிற வழி என்று யார் நம்பப் போகிறார்கள்? ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடி யோகன் அண்ணை விசைகளை விரலால் கீறிக் காட்ட, அக்கா கையாலேயே பாடமாக்கிக்கொண்டு வந்தார்.

ஜெனரேற்றரைக் கயிறு இழுத்து இயக்கி, அக்காவைக் கதிரையில் இருத்தினோம். தூக்கிய கை அப்படியே நின்றது.

"இது அவர் சொன்னதில்லையே, தம்பி. மேல தனியா ஒரு வரி இருக்குமெண்டவர், இடப்பக்கமிருந்து நாலாவது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிவந்த வழியில் பழைய விசைப்பலகை உடைந்து, அதைவிடப் பழையது ஒன்றைப் பொருத்தியிருந்தோம். இதில் மேல்வரியில் இருக்கவேண்டிய F விசைகள் இடப்பக்க ஓரத்தில் இரண்டிரண்டாக நின்றன.

"அவர் சொன்ன வரியில, மூலையில இருக்கிற எஸ்கேப்பையும் சேர்த்தோ நாலு?" என்றார் மாஸ்டர்.

"அதை நான் கேக்கேல்லை. கைதான் போனது. பக்கத்தில இருக்கிறதை மட்டும் அமத்திப்போடாதேங்கோ, புத்தகம் அழிஞ்சுபோகுமெண்டவர்."

மூலையைச் சேர்த்து எண்ணியிருந்தால் F விசைகளில் மூன்றாவது, சேர்க்காவிட்டால் நாலாவது. கேட்க யோகன் அண்ணை இல்லை, மண்ணெண்ணெயும் குறைந்துகொண்டிருந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்ர புத்தகம். நானே அமத்துறன்" என்று மாஸ்டர் நாலாவதை அமத்தினார்.

திறந்துவிட்டது! நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எழும்பி நின்றார்கள். பிறகுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தோம். தமிழ் எழுத்துரு மற்ற டிஸ்க்கோடு போயிருந்தது. சொற்கள் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும். எண்கள் மட்டும் அப்படியே இருந்தன. எனக்கு அழுகைதான் வந்தது.

மாஸ்டர் அழவில்லை. எண்களைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் எழுதினார். கணக்கைக் கண்டால் கேள்வி ஞாபகம் வரும் என்றார். சில இடத்தில் வந்தது, பல இடத்தில் பேனை நின்றது. மூன்றாம் அத்தியாயத்தில் ஜெனரேற்றரும் நின்றது. அதன்பின் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. அடுத்த ஓட்டத்தில் கணினியும் போய்விட்டது.

அண்ணனின் மகள் தானே எதையோ திருத்திக் கோப்பைத் திறந்துவிட்டாள். தமிழ் பளிச்சென்று வந்தது. மாஸ்டரும் அக்காவும் இன்று இல்லை. யோகன் அண்ணை எங்கே என்றும் தெரியாது. அன்று திரை அணையமுன் நான் கடைசியாகப் பார்த்த வரி மட்டும் மறக்கவில்லை: 12 × 7 = 84. பன்னிரண்டு பேரா, பன்னிரண்டு மூட்டையா, ஏழு என்ன? அன்றே மாஸ்டரிடம் கேட்டேன். இருண்ட திரையைப் பார்த்தபடி, "தெரியேல்லை, தம்பி. விடை சரி" என்றார்.