கல்யாணத்தை விட்டுக் குழாய்க்குப் போனவள்

அந்தக் கடைத்தெருவில் "குழாயக்கா எங்கே?" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட ஸ்டூடியோவைக் கைகாட்டும். புதிதாக வருகிறவர்கள் அவளைப் பிளம்பர் என்று நினைத்து, வீட்டில் ஒழுகுகிற குழாயைப் பற்றிப் புலம்ப ஆரம்பிப்பதும் உண்டு. அவளுக்குக் கோபமே வராது. "ஒழுகற குழாய்னா அடுத்த தெரு. அழகா இருக்கிற குழாய்னாதான் நான்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அந்தப் பட்டப்பேர் சும்மா வந்துவிடவில்லை. முன்பு அவள் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோ அண்ணனுடையது. அவர் வீடியோவையும் கடையையும் பார்த்துக்கொள்வார், புகைப்படம் எல்லாம் தங்கச்சி பொறுப்பு. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. மேடையில் நிற்கிற சொந்தக்காரர்களை ஒரே பக்கம் பார்க்கவைப்பது லேசுப்பட்ட காரியமா? ஆளுக்கொரு போனை நீட்டுகிற காலத்தில் மாமா இடது பக்கம் சிரிப்பார், அத்தை வலது பக்கம் முறைப்பார். அதற்காகவே அவள் பளிச்சென்று ஒரு சிவப்புச் சட்டை வைத்திருந்தாள். "எல்லாரும் சிவப்புச் சட்டையைப் பாருங்க!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மேடையே அவள் பக்கம் திரும்பிவிடும்.

ஆனால் அவளுக்கு அதில் மனசு ஒட்டவில்லை. என்னை ஒல்லியாகக் காட்டு, அவரை உயரமாகக் காட்டு, அந்த மருமகளை ஓரத்தில் தள்ளு என்று ஆளாளுக்கு நாட்டாமை. அவளுக்குப் பிடித்ததோ வேறு. சாப்பாட்டு மேசையில் கிடக்கிற கரண்டியில் ஜன்னல் வெளிச்சம் எப்படி வளைந்து போகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "சோறு ஆறுது, தாயே!" என்று அண்ணி கத்தினால்தான் இந்த உலகத்துக்கு வருவாள்.

ஊருக்கு வெளியே குழாய் செய்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் முதலாளி, மகள் கல்யாணத்துக்கு அவள் எடுத்த படங்களைப் பார்த்து மயங்கிப்போய், கம்பெனியின் புது கேட்டலாக்குக்கும் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். அவள் சரி என்றாள். அதோடு விட்டாளா? இனிமேல் பொருள்களை மட்டும்தான் எடுப்பேன் என்று வீட்டிலும் அறிவித்துவிட்டாள்.

அண்ணனுக்கு வந்ததே கோபம்!

"இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போறியா? ஜனங்க உன்னைத் தேடி வர்றாங்க, நீ குழாயைத் தேடிப் போறேங்கிற!"

"எனக்கு அதுலதான் மனசு போகுது அண்ணா."

"அப்ப கல்யாண வேலை உனக்கு வரலையா?"

"வருது. பிடிக்கல."

அவரையும் குறை சொல்ல முடியாது. அவள் கையை நம்பித்தான் பாதிப் பேர் கடைக்கே வந்தார்கள். இழுபறி கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. குழாய் வேலை நன்றாக வந்தால் அவள் இஷ்டம். சொதப்பினால் மறுபேச்சில்லாமல் கல்யாணத்துக்குத் திரும்ப வேண்டும். அவளும் தலையாட்டினாள்.

குரோம் பூசிய குழாய் இருக்கிறதே, அது முகம் பார்க்கிற கண்ணாடிக்கே அண்ணன். அறையில் இருக்கிற அத்தனையும் அதன் வயிற்றில் தெரியும். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. குழாயைச் சுற்றி வெள்ளைத் துணியால் கூடாரம் கட்டி, ஒரு கிழிசல் வழியாக லென்ஸை மட்டும் உள்ளே நுழைத்து, கைரேகை படாமல் உறை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க எடுத்தாள்.

படங்களைப் பார்த்த முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

"பிரமாதம்மா! ஒரே ஒரு குறை. சுடுதண்ணிக்குத்தானே சிவப்புப் புள்ளி? நீங்க எல்லாக் குழாய்லயும் போட்டிருக்கீங்க. பச்சைத்தண்ணிக் குழாய்ல மட்டும் நீலமா மாத்திடுங்க."

அவள் புள்ளி எதுவும் போடவில்லையே! கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. குழாயின் பளபளப்பில், துணிக் கிழிசலுக்கு அந்தப் பக்கம் அவளே நிற்கிறாள். படம் எடுக்கக் கிளம்பினாலே அந்தச் சிவப்புச் சட்டைக்குக் கை போகிற பழக்கம். மேடையையே திருப்பிய சிவப்பு, குழாய் குழாயாக ஏறி உட்கார்ந்திருந்தது.

முதலாளியே வழி காட்டிவிட்டார். நீலமாக்கிவிட்டுப் போனால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. பந்தயமும் அவளுக்குத்தான். ஆனால் வண்ணம் பூசிய இடத்தில் வெளிச்சம் செத்துக் கிடக்குமே! அதை எப்படித் தன் வேலை என்று நீட்டுவாள்?

"அது புள்ளி இல்ல சார். நான்தான். இன்னும் ஒரு நாள் குடுங்க, திரும்ப எடுத்துத் தர்றேன்."

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஆனால் ஒரு நாள் தந்தார். சேதி அண்ணன் காதுக்கு வராமல் இருக்குமா? "குழாயை எடுக்கப் போய் உன்னையே எடுத்துட்டு வந்திருக்கே! தோத்தாச்சு, ஒத்துக்கோ" என்றார். "நாளைக்கு ஒரு நாள் இருக்கு அண்ணா" என்றாள் அவள். சொல்லிவிட்டு நேராகப் போய் அந்தச் சிவப்புச் சட்டையைப் பெட்டிக்கு அடியில் திணித்தாள்.

மறுநாள் கறுப்பு முழுக்கைச் சட்டை. துணியை லென்ஸோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். இப்போது சிவப்பு போய்விட்டது, ஆனால் சுற்றிலும் வெறும் வெள்ளையாக இருந்ததில் குழாய் சுண்ணாம்புக் கட்டி மாதிரி மொழுக்கென்று நின்றது. யோசித்து, கறுப்பு அட்டையை ஒல்லியாக நறுக்கி இரண்டு பக்கமும் நிறுத்தினாள். அந்தக் கறுப்பு குழாயின் விளிம்போடு ஓடி அதன் வளைவுக்குக் கோடு போட்டுக் கொடுத்தது. அட்டையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். குழாய் எழுந்து நின்றது. அப்பாடா! இதற்காகத்தான் நான் கேமராவையே தொட்டேன் என்று நெஞ்சு நிறைந்து போனது அவளுக்கு.

அந்தப் படங்களை அண்ணன் மூக்கருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துழாவினார்.

"நீ எங்க இருக்கே?"

"நான் இல்ல அண்ணா. குழாய் மட்டும்தான்."

"ம்" என்றார். அதற்குமேல் பாராட்டு ஒன்றும் வாயிலிருந்து உதிரவில்லை. பந்தயப்படி கல்யாணத்துக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார். அவளுக்குக் கடையின் பின்னறை. கேட்டலாக் வெளியானதும் கைக்கடிகாரம் வந்தது, அறுவை சிகிச்சைக் கத்தரி வந்தது, கார் விளக்கு வந்தது. அண்ணன் மனசுக்குள் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவே இல்லை. கடையைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்கிறாரோ என்று அடிக்கடி உறுத்தும்.

ஒருநாள் பின்னறையில் ஒரு ஸ்பூனைச் செங்குத்தாக நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தாள். திரைக்கு வெளியே பெரிய இடத்துப் பேச்சு கேட்டது. மகளுக்குக் கல்யாணம், உங்கள் தங்கச்சிதான் எடுக்க வேண்டும், எவ்வளவு கேட்டாலும் தருகிறோம் என்றார் வந்தவர். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் இப்போது கூப்பிட்டால் எப்படி மாட்டேன் என்பது?

"அவ கல்யாணத்துக்கு வரமாட்டாங்க" என்றார் அண்ணன்.

"ஒரே ஒரு நாள்தானேங்க?"

"ஏங்க, கண் டாக்டர்கிட்ட போய் ஒரே ஒரு பல்லுதான், பிடுங்கி விடுங்கன்னு கேப்பீங்களா? பளபளன்னு இருக்கிற பொருளை என் தங்கச்சி மாதிரி எடுக்க இந்த ஊர்ல ஆள் கிடையாது. அவ வேலையே வேற. கல்யாணத்துக்கு எங்க ஆளைக் கூட்டிக்கிட்டு நானே வர்றேன், உக்காருங்க."

கை தவறி, பாடுபட்டு நிறுத்திய ஸ்பூன் சரிந்து விழுந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை மறுபடியும் முதலிலிருந்து நிறுத்த ஆரம்பித்தாள்.